மழைக்காலத்துத் துணி வாடை: மலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதம் ஊட்டியில் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும் என்று சொன்னால், கீழே கோயம்புத்தூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒழுங்காகக் காய்ந்தால்கூடப் பரவாயில்லை. காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைப்போம், போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கொஞ்சம் வியர்த்ததும் முடை நாற்றம் குப்பென்று கிளம்பும். பக்கத்து சீட்காரர் ஜன்னலைத் திறக்கப் பார்ப்பார், வெளியே மழை.

பெரும்பாலான வீடுகளில் இதற்கு நடக்கும் வைத்தியம், துவைக்கும்போது இன்னும் ஒரு மூடி வாசனைத் திரவம் ஊற்றுவது. அது வேலைக்கு ஆகாது, சில நேரம் நிலைமையை மோசமாக்கவும் செய்யும். துணி எத்தனை மணி நேரம் ஈரமாகக் கிடந்தது, அதில் எவ்வளவு அழுக்கு தங்கியிருந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் வாடையாகிறது. சமவெளிக்காரருக்கு வெயில் முதலாவதைப் பார்த்துக்கொள்கிறது. நமக்கு அந்த ஈர நேரத்தைக் குறைப்பதே முக்கால்வாசி வேலை.

வாடைக்குக் காரணம்

துவைத்த துணியின் நாற்றத்தை ஜப்பானில் விழுந்து விழுந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கும் மழைக்காலத்தில் வீட்டுக்குள்தான் காயப்போடுகிறார்கள், அதனால் இருக்கலாம். காவோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2012இல் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை இதன் முக்கியக் குற்றவாளியாக அடையாளம் காட்டினார்கள். நம் உடம்பிலும் சுற்றுப்புறத்திலும் சாதாரணமாக இருக்கும் கிருமி அது. துணியில் மிச்சமிருக்கும் உடம்பு எண்ணெயையும் வியர்வையையும் தின்று, மூக்கில் அடிக்கும் ஓர் அமிலத்தை வெளியிடுகிறது. துணி காய்ந்தாலும் இது எளிதில் சாவதில்லை. இழைக்குள் அப்படியே இருந்து, மறுபடி ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பிக்கும். பஸ்ஸில் நடந்தது அதுதான்.

இங்கே குழாய்த் தண்ணீரின் குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஐஸ் மாதிரி இருக்கும் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது, உடம்பு எண்ணெய் இளகாது. அழுக்கு போன மாதிரி தெரியும், கிருமிக்குச் சாப்பாடு மட்டும் துணியிலேயே இருக்கும்.

பூஞ்சை வேறு விஷயம். கறுப்புப் புள்ளியாகவும் சாம்பல் நிறப் படலமாகவும் கண்ணுக்கே தெரியும். அது பெரும்பாலும் பீரோவிலிருந்து வருகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதல் படி: எங்கே நாறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

எதையும் ஊறப்போடுவதற்கு முன் மூக்கை நம்புங்கள். மெஷினிலிருந்து எடுத்த உடனே ஈரத் துணி நாறினால் கோளாறு மெஷினில். எடுக்கும்போது நன்றாக இருந்து, கொடியில் கிடந்தபின் நாறினால் காயப்போடும் முறையில். காய்ந்து மடிக்கும்போது சுத்தமாக இருந்து, பத்து நாள் கழித்து பீரோவைத் திறக்கும்போது அடித்தால் பீரோவில். காய்ந்தபோது எந்த வாடையும் இல்லாமல், உடுத்தி வியர்த்ததும் வந்தால் கிருமி இழைக்குள் குடியேறிவிட்டது, மூன்றாம் படியில் சொல்லும் ஊறல் தேவை.

பல வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கும். ஆனால் மெஷின் நாறும்போது துணியை எத்தனை முறை ஊறவைத்தாலும் பயனில்லை. அதனால் வரிசையாகப் போவது நல்லது.

இரண்டாம் படி: மெஷின்

கையால் துவைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷினில், கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள். கருப்பாக வழவழவென்று ஏதோ இருக்கும், ஒரு முடிக் கற்றை, ஒரு ரூபாய் நாணயம், குழந்தையின் சாக்ஸ் இருந்தாலும் ஆச்சரியமில்லை. பழைய துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். பவுடர் போடும் டிராயரை முழுதாக இழுத்துக் கழற்றி, வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வாசனைத் திரவம் ஊற்றும் அறையில்தான் கசடு அதிகம் இருக்கும். கீழே இருக்கும் வடிகட்டியைத் திறக்கும்போது ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள், கலங்கல் தண்ணீர் கொட்டும்.

அப்புறம் உள்ளே துணி இல்லாமல், இருப்பதிலேயே சூடான சுற்றில் ஓடவிடுங்கள். டிரம்முக்குள் ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடர் (அது என்னவென்று மூன்றாம் படியில் சொல்கிறேன்) ஏழெட்டு மேசைக்கரண்டி போட்டால் போதும். மேல்பக்கம் திறக்கும் மெஷின்களில் பலவற்றுக்குச் சூடாக்கும் வசதி இருக்காது. அதற்கு வெந்நீரை வாளியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும், ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்காத அளவுச் சூடு போதும். தண்ணீர் நிரம்பியதும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஓட்டி முடியுங்கள்.

மாதம் ஒருமுறை இது போதும். தினமும் செய்ய வேண்டியது, வேலை முடிந்ததும் கதவையும் டிராயரையும் திறந்தே விடுவது. சின்னக் குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீட்டில் கதவில் ஒரு கண் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஏற்கெனவே நாறும் துணிக்கு வெந்நீர் ஊறல்

இந்தக் கிருமிக்குச் சூடும் ஆக்ஸிஜன் ப்ளீச்சும் சேர்ந்தால்தான் பயம். ஆக்ஸிஜன் ப்ளீச் என்பது சோடியம் பெர்கார்பனேட். வேனிஷ் மாதிரியான கறை நீக்கும் பவுடர்களில் இருப்பது இதுதான், தனியாகவும் ஆன்லைனில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. வெந்நீரில்தான் இது முழு வீச்சில் வேலை செய்யும். நம் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் பாதிப் பணம் வீண்.

பருத்தித் துணிக்கு, அதாவது டவல், பனியன், பெட்ஷீட், வெள்ளை முண்டு போன்றவற்றுக்கு 60 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமலே இதைச் செய்யலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 60 வரும். கொடைக்கானலிலும் அதே கணக்குதான். வாளியில் குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுக் கொதிநீரை மெதுவாகச் சேருங்கள், பிளாஸ்டிக் வாளி நெளியாமல் இருக்கும்.

ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர். நன்றாகக் கலக்கிய பிறகு துணியைப் போட்டு, குச்சியால் அழுத்தி, ஒரு தட்டால் மூடி, ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். வாளியை இறுக மூட வேண்டாம், உள்ளே வாயு வெளியாகிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க ஊறப்போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தண்ணீர் ஆறிய பிறகு அந்த ஊறல் கிருமிக்குத்தான் வசதி. நேரம் முடிந்ததும் எடுத்து வழக்கம்போலத் துவைத்து, நன்றாக அலசுங்கள்.

பெர்கார்பனேட் கையில் இல்லையா? வாஷிங் சோடா போட்டு, பெரிய பாத்திரத்தில் வெள்ளைப் பருத்தித் துணியைப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். அந்தக் காலத்தில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்ததும் இதே கணக்குதான்: காரமும் ஆவிச் சூடும். ஒரு வெள்ளாவியில் போன அழுக்கை இன்றைய பல பவுடர்களால் எடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பாலியெஸ்டர் டிராக் பேண்ட், ஸ்போர்ட்ஸ் பனியன், ஃப்ளீஸ் ஜாக்கெட் ஆகியவை எண்ணெயை விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருக்கும், 60 டிகிரியும் தாங்காது. இவற்றுக்கு 40 டிகிரி, அதாவது குளிக்கிற சூடு. அதே பவுடர், இரண்டு மணி நேரம். முதல் தடவையில் முழுதாகப் போகாவிட்டால் இன்னொரு தடவை. எலாஸ்டிக் உள்ளதற்கும் இதே அளவு. சாயம் போகும் என்று சந்தேகம் இருந்தால் உள் தையலில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

கம்பளி, பட்டு இரண்டுக்கும் பெர்கார்பனேட் கூடவே கூடாது. காரம் அந்த இழைகளைக் கெடுத்துவிடும். ஸ்வெட்டருக்கு வெள்ளை வினிகர்: நாலைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப், அரை மணி நேரம் ஊறவைத்து, கம்பளிக்கான லிக்விடில் மெதுவாக அலசுங்கள். கசக்கவோ பிழியவோ வேண்டாம். ஊற வைக்கும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்வெட்டர் பேரனுக்குத்தான் சரியாக இருக்கும். தோடர்களின் பூத்துக்குளி சால்வை வீட்டில் இருந்தால் ஊறப்போடவே போடாதீர்கள். துணி பருத்தி என்றாலும் வேலைப்பாடு கம்பளி நூல், சிவப்பு கசிந்தால் வெள்ளை போயிற்று. அதற்குக் காற்றாடலும் இளவெயிலும் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் படியுங்கள்: ரின் ஆலா போன்ற குளோரின் ப்ளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். மழைக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குளியலறையில் துவைக்கும் நமக்கு இது இன்னும் ஆபத்து. ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் வீடியோக்களால் ஆபத்து இல்லை, பயனும் இல்லை. நுரை வரும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும்.

நான்காம் படி: அன்றாடத் துவையலில் மாற்ற வேண்டியவை

மழையில் நனைந்து வந்த யூனிஃபார்ம், சாக்ஸ், எஸ்டேட்டுக்குப் போட்டுப்போன சட்டை எதையும் அழுக்குக் கூடையில் அப்படியே திணிக்காதீர்கள். கூடையின் விளிம்பிலாவது விரித்துப் போடுங்கள். துணி நாற ஆரம்பிப்பது பல வீடுகளில் துவைப்பதற்கு முன்பே.

பவுடர் அளவைக் குறைக்கலாம். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் உப்பில்லாதது, கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு கீழ்நாட்டுப் போர்வெல் தண்ணீருக்கும் சேர்த்துச் சொல்வது. அதிகப்படி பவுடர் துணியிலேயே தங்கி, பசைபோல அழுக்கைப் பிடிக்கும். முக்கால் அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் என்றால் லிக்விட் நன்றாகக் கரையும். பவுடர்தான் என்றால் ஒரு மக் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். வாசனைத் திரவத்தை மழை மாதங்களில் நிறுத்திவிடுங்கள். அது இழைமேல் ஒரு மெழுகுப் படலம் போடுவதால் டவல் ஈரம் உறிஞ்சாது, அடுத்த துவையலில் அழுக்கும் சரியாகப் போகாது.

டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்க வேண்டாம். கடைசியில் ஒரு தடவை கூடுதலாக அலசல், ஒரு தடவை கூடுதலாக ஸ்பின். இந்த இரண்டாவது ஸ்பின் ஐந்து பத்து நிமிடம்தான், ஆனால் மலையில் இதைவிட மலிவான உலர்த்தும் முறை கிடையாது. கையால் துவைப்பவர்கள் பிழிந்த துணியைக் காய்ந்த டவலில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். டவல் குடிக்கும் ஒவ்வொரு துளியும் நீங்கள் காத்திருக்க வேண்டாத நேரம்.

மெஷின் நின்ற அரை மணி நேரத்துக்குள் துணியை எடுத்துவிடுங்கள். ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பது இந்தக் குளிரில்கூடத் தப்பு.

ஐந்தாம் படி: காயவைத்தல்

இங்கேதான் போர்.

முதலில் காலண்டர். ஊட்டி, கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான் சோதனைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூர், கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கு மழைதான் அதிகம் படுத்தும். ரஜாய், கம்பளி, திரைச்சீலை போன்ற பெரிய சாமான்களை ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வேலையாக ஒதுக்கிவிடுங்கள். உறைபனி விழும் மாதங்களில் பகல் வெயில் பளிச்சென்று இருக்கும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். குளிர்ந்த வெயில் என்று ஏமாற வேண்டாம், கிருமிக்கு அது எமன், சாயத்துக்கும்தான். அதனால் கலர் துணியை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள்.

மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டினால் அது பெரும்பாலும் காலை பத்துக்கும் மத்தியானத்துக்கும் நடுவில். அதற்கு ஏற்ற மாதிரி காலை எட்டு மணிக்குத் துவையலை முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மிஸ்ட் இறங்கினால், முக்கால்வாசி காய்ந்த துணியும் மறுபடி ஈரம் குடிக்கும். அரைகுறையாக இருந்தாலும் எடுத்து உள்ளே போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இனி வீட்டுக்குள். கொஞ்சம் கணக்கு போடுவோம். மெஷினில் பிழிந்த ஐந்து கிலோ துணியில் சுமார் 3 லிட்டர் தண்ணீர் இன்னும் இருக்கும். அது எங்காவது போயாக வேண்டும். வெளியே 12 டிகிரியில் மூடுபனி, அந்தக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10.7 கிராம் நீராவியோடு நிரம்பியிருக்கிறது. அதையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், 17 கிராமுக்கு மேல் தாங்கும் சக்தி வந்துவிடும். அதாவது மிஸ்ட் காற்றுகூடச் சூடானால் 60 சதவீத ஈரம்தான், துணி காயத் தோதான காற்று. ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்று மழைக்காலம் முழுக்கச் சாத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் மொத்தக் காற்றும் இப்படிக் கூடுதலாக வாங்கக்கூடியது 170 கிராம் அளவுதான். 3 லிட்டரை வெளியேற்ற அந்த அறையின் காற்று 18 தடவையாவது மாற வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஹீட்டர் போட்டால் அறை வெந்நீர்க் குளியலறை ஆகுமே தவிர, துணி காயாது. சுவரில் தண்ணீர் வழிவதுதான் மிச்சம்.

ஆக, செய்ய வேண்டியது இது. வீட்டில் ஒரு சின்ன அறையைத் துணிக்கு ஒதுக்குங்கள், படுக்கையறை வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள அறை என்றால் அதிர்ஷ்டம், அதை ஓடவிட்டுக் கதவின் அடியில் சந்து விடுங்கள். இல்லையென்றால் ஹீட்டரை ஓட்டும்போது ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்து, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். துணிக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன், கீழிருந்து சாய்வாக வீசட்டும். ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் ஹீட்டருக்கு முன் ஃபேனை வாங்குங்கள், மின்சாரச் செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

துணிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இடம் போதாவிட்டால் துவைக்கும் அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் துவையுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பி, பாக்கெட்டை வெளியே இழுத்து, இடுப்புப் பகுதி வட்டமாக விரியும்படி கிளிப் போடுங்கள். தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட்டைத் தலைகீழாக மாட்டுங்கள். பெட்ஷீட்டை இரண்டு கொடியில் கூடாரம்போலப் போடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் பெரும்பகுதி ஈரம் போய்விட்டால் வாடை அநேகமாக வராது. மிச்ச ஈரத்தை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். தையல், காலர், இடுப்புப் பட்டை என்று தடித்த இடங்களில் அழுத்தித் தேய்த்து, ஆவி அடங்கும்வரை ஹேங்கரில் மாட்டிவிட்டு, ஆறிய பிறகு மடியுங்கள்.

ஈரம் உறிஞ்சும் டிஹ்யூமிடிஃபையர் வாங்க யோசிப்பவர்கள், கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே தடுமாறும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் குளிருக்கு, ஈரத்தை இழுக்கும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகைதான் சரி, கொஞ்சம் சூட்டையும் தரும்.

கேஸ் அடுப்புக்கு மேல் கொடி கட்டுவதை விட்டுவிடுங்கள். நெருப்பு ஆபத்து ஒரு பக்கம், ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளியாகும் என்பது இன்னொரு பக்கம். காயவைக்கிறோம் என்று நினைத்து அறையை நனைக்கிறோம். குமுட்டியில் கரி போட்டு மூடிய அறையில் வைப்பது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஹீட்டரின் மேலேயே துணியைப் போர்த்துவதும் கூடாது.

ஆறாம் படி: பீரோ

வெளிச்சுவரை ஒட்டி இருக்கும் பீரோதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். சுவர் குளிர்ந்து கிடக்க, அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. நாலு விரல் தள்ளி வையுங்கள், முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் மொத்தத்தையும் காலி செய்து, முகமூடி போட்டுக்கொண்டு, குளோரின் ப்ளீச் கலந்த தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவிடுங்கள். மர பீரோவுக்கு ப்ளீச் இல்லாமல் சோப்புத் தண்ணீர்.

நம் ஊர்களில் பீரோவுக்குள் சின்ன குண்டு பல்பு எரியவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதில் அறிவு இருக்கிறது. உள்ளே மூன்று நான்கு டிகிரி சூடு ஏறினாலே ஈர அளவு இறங்கிப் பூஞ்சை வளராது. பழைய இழை பல்பு, 15 வாட்டுக்கு மேல் வேண்டாம், அடித்தட்டில் கம்பிவலைக் கூண்டுக்குள், துணி படாமல். எல்இடியில் சூடு வராது, அதனால் பயனில்லை. வயரிங் பழசாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிட்டு, கால்சியம் குளோரைடு டப்பா வையுங்கள். தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், அது துணியில் சிந்தினால் கறை.

அந்துருண்டையை நான் வைப்பதில்லை. வாடையை மறைக்குமே தவிர ஈரத்தைத் தொடாது. பிறந்த குழந்தையின் துணியில் அறவே கூடாது, சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். நீலகிரித் தைலம் நம் ஊர்ச் சரக்கு, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு மூலையில் வைத்தால் பூச்சி அண்டாது, மணமாகவும் இருக்கும். நேராகத் துணியில் தெளித்தால் கறை படியலாம். அதுவும் சுத்தமான, காய்ந்த துணிக்குத்தான். நாறும் துணிமேல் தைலம் அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்தே வரும்.

கறுப்புப் புள்ளி விழுந்த துணியை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, மூன்றாம் படி ஊறலைச் செய்யுங்கள். வாடை போகும், பழைய புள்ளி பெரும்பாலும் தங்கிவிடும். ரஜாய், பெரிய கம்பளி மழைக்காலத்திலேயே நாற ஆரம்பித்தால், வீட்டில் நனைக்கும் எண்ணமே வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கம், கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலகுண்டு பக்கம் போகிற காரியம் இருந்தால் கூடவே எடுத்துப்போங்கள், அங்கே ஒரு பகல் வெயில் போதும். டவலும் கால்மிதியும் இரண்டு ஊறலுக்குப் பிறகும் ஒரே வாரத்தில் நாறினால், வெட்டித் தரை துடைக்க வைத்துக்கொண்டு புதுசு வாங்குங்கள். வாங்கும்போது தடித்த டவலை விட்டுவிட்டு, நம் ஈரோட்டுத் துண்டை எடுங்கள், அது பாதி நேரத்தில் காயும்.